எதுவுமே தெரியாத ஒருத்தியைத் தேடி பிளெட்ச்லிக்கு

அக்டோபர் 25, சனி: பிளெட்ச்லி, விடாத தூறல்

லண்டன் யூஸ்டனில் ஏறினால் பிளெட்ச்லிக்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் பிளெட்ச்லி பார்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த இடம் என்றால், எங்கேயோ காட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ரயில்பாதைதான் பெரிய காரணம். லண்டனுக்குப் போகும் பாதையும், ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த பாதையும் இங்கேதான் சந்தித்தன. இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்களை வரவழைக்க வசதி. 1938இல் உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் சின்க்ளேர் இங்கிருந்த மாளிகையையும் தோட்டத்தையும் 6,000 பவுண்டுக்கு வாங்கினார்.

என்னோடு வந்திருப்பவள் அண்ணன் மகள். 15 வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். லண்டனில் படிக்கிறாள், இப்போது அரைப் பருவ விடுமுறை. போர்க்காலம், உளவு, ரகசியக் குறியீடு என்று வரும் இளையோர் நாவல்களை அள்ளி அள்ளிப் படிப்பவள். நான் அப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பயணம்.

என் கதை நாயகிக்கு 14 வயது. அன்றைக்கு பிரிட்டனில் 14 வயதோடு பள்ளியை விட்டுவிடலாம். அப்படிப் படிப்பை முடித்த உள்ளூர்ச் சிறுமிகள் பிளெட்ச்லி பார்க்கில் கட்டிடத்துக்குக் கட்டிடம் காகிதக் கட்டுகளைச் சுமந்து போகும் வேலையில் சேர்ந்தார்கள். அவள் அவர்களில் ஒருத்தி. அவள் எந்தக் குறியீட்டையும் உடைக்கப்போவதில்லை. கையில் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. எதுவுமே தெரியாத ஒருத்தியை வைத்து 200 பக்கம் கதை சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

ரயிலிலேயே பாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "போர் அடிக்கும் அத்தை. அவ எதையாவது கண்டுபிடிச்சே ஆகணும்."

மதியம் கணினி அருங்காட்சியகத்துக்குப் போனோம். இது பிளெட்ச்லி பார்க் வளாகத்தை ஒட்டியே இருந்தாலும் தனி நிறுவனம், தனி டிக்கெட். தூறலில் நடந்து வந்ததில் இரண்டு பேருக்கும் காலுறை வரை ஈரம். கொலோசஸ் என்ற போர்க்காலக் கணினி இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் கதகதப்பு முகத்தில் அடித்தது. அத்தனையும் வால்வுகளின் சூடு, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழல்கள். டாமி ஃப்ளவர்ஸ் என்ற தபால்துறைப் பொறியாளர் வடிவமைத்த இயந்திரம் இது. முதலாவது 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லிக்கு வந்தது, போர் முடிவதற்குள் 10 ஓடிக்கொண்டிருந்தன. ஹிட்லரின் தலைமையகமும் தளபதிகளும் பேசிக்கொண்ட லோரன்ஸ் குறியீட்டை உடைப்பதற்காக இது. காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்து படிக்கும். போருக்குப் பிறகு பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டுவிட்டார்கள். டோனி சேல் என்பவரும் அவரது குழுவும் 1990களில் தொடங்கி வருடக்கணக்கில் பாடுபட்டு மறுபடி கட்டியெழுப்பியதுதான் இப்போது ஓடுவது.

அடுத்த கூடத்தில் 'பாம்ப்'. ஜெர்மானியர்கள் செய்திகளை ரகசிய எழுத்தாக்கிய எனிக்மா என்ற கருவிக்கு எதிராக ஆலன் டூரிங் வகுத்து, கார்டன் வெல்ச்மன் மேம்படுத்திய இயந்திரம். ஆளை விட உயரமான இரும்பு அலமாரி, முன்பக்கம் வரிசை வரிசையாக 108 உருளைகள். தன்னார்வலர் ஒருவர் பொத்தானை அழுத்தியதும் மேல் வரிசை சுழன்றது. விசைத்தறிக் கூடத்துக்குள் நிற்கிற மாதிரியே சத்தம். பேச வேண்டுமானால் காதருகே குனிய வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் இந்த மாதிரி இருநூறுக்கு மேல் இருந்தன. ஓட்டியவர்கள் 'ரென்' என்று அழைக்கப்பட்ட கடற்படை மகளிர் பிரிவுப் பெண்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும்.

அவர் ஓர் உருளையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்ளே வட்ட வட்டமாக மெல்லிய கம்பித் தூரிகைகள். ஒரு கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போதும், மின்சாரம் தடம் மாறிப் பதில் தப்பாகிவிடும். அதனால் அந்தப் பெண்கள் இடுக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்திப் பிரிப்பார்கள். பாப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இதை ராத்திரி முழுக்கவா?" என்றாள். ஆமாம், வருடக்கணக்கில்.

விடையாக இருக்கக்கூடிய ஒன்று கிடைத்து இயந்திரம் தானாக நின்றால், அது காட்டும் எழுத்துகளைக் குறித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பிளெட்ச்லியில் சரிபார்த்துவிட்டு, சரியாக இருந்தால் 'ஜாப் அப்' என்று பதில் வரும். வேலை முடிந்தது, உருளைகளைக் கழற்று, அடுத்ததை மாட்டு. எந்தச் செய்தி, எந்தக் கப்பல், யார் பிழைத்தார்கள், எதுவும் சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டேன். என் நாவலுக்கு இதைவிட நல்ல அத்தியாய முடிவு கிடைக்காது.

ராத்திரிக்கு மீனும் சிப்ஸும், ஆளுக்கு 11 பவுண்டு. ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். கடைக்காரர் வினிகரைத் தெளித்தபடி, "மியூசியத்துக்கா வந்தீங்க? எங்க பாட்டி அங்கே கேன்டீன்ல வேலை பார்த்தாங்க" என்றார். ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று ஆசையாகக் கேட்டேன். "முட்டைக்கோஸ் நிறைய வேகவைச்சேன்னு சொல்வாங்க. அவ்வளவுதான்."

அக்டோபர் 26, ஞாயிறு: கொட்டகைகள், நல்ல குளிர்

நேற்றிரவு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். தங்கியிருக்கும் வீட்டில் ஹீட்டர் இரவு பத்து மணிக்குத் தானாக அணைந்துவிடும். நாள் வாடகை 92 பவுண்டு. வீட்டுக்கார அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு வெந்நீர்ப் பைகள் கொண்டு வந்து கொடுத்தார். கம்பளி உறை அவர் கையாலேயே பின்னியதாம். காலையில் டோஸ்ட்டும் பீன்ஸும் வைத்துவிட்டு, நன்றாகத் தூங்கினோமா என்று இரண்டு தடவை கேட்டார்.

பிளெட்ச்லி பார்க்கின் நுழைவாயில் இப்போது சி பிளாக்கில் இருக்கிறது. போர்க்காலத்தில் துளை அட்டை இயந்திரங்கள் தடதடத்த கட்டிடம். டிக்கெட்டை ஒரு தடவை வாங்கினால் ஒரு வருடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு 'ஹட்'களுக்குப் போனோம். பலகை அடித்துக் கட்டிய நீண்ட கொட்டகைகள், குண்டுவீச்சுக்குப் பயந்து சுற்றிலும் எழுப்பிய தடுப்புச் சுவர்கள். உள்ளே மங்கலான விளக்கு, மர மேசை, கோட்டு மாட்டும் ஆணி. அன்றைக்குக் கணப்பில் புகை வருமே தவிரச் சூடு அவ்வளவாக வராது என்று வேலை பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். இன்றைய குளிரில் அரை மணி நேரம் நின்றதிலேயே என் விரல் மடங்க மறுத்தது. குளிரைப் பற்றி இணையத்தில் எவ்வளவு படித்தாலும் இது கிடைத்திருக்காது. இதற்காக மட்டுமே வந்திருந்தாலும் தகும்.

வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்பதை இந்த வரிசையில் நடந்தால்தான் புரிகிறது. ஹட் 6இல் ஜெர்மன் தரைப்படை, விமானப்படைச் செய்திகளின் குறியீட்டை உடைப்பார்கள். பக்கத்து ஹட் 3இல் அதை மொழிபெயர்த்து அலசுவார்கள். கடற்படைக்கு ஹட் 8, ஹட் 4. ஹட் 6க்கும் ஹட் 3க்கும் நடுவே ஒரு மரப் பொந்து. காகிதத்தைத் தட்டில் வைத்து விளக்குமாற்றுக் கம்பால் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஒரு கொட்டகையில் இருப்பவருக்கு அடுத்த கொட்டகையில் என்ன நடக்கிறது என்று தெரியாது, கேட்கவும் கூடாது. 1945 தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை பார்த்திருக்கிறார்கள், நான்கில் மூன்று பேர் பெண்கள். ஒருவருக்கும் முழுப் படம் தெரியாது.

டைப்பெக்ஸ் இயந்திரங்கள் இருந்த அறையைப் பார்த்து நின்றுவிட்டேன். பிரிட்டனின் சொந்த இயந்திரம் இது, எனிக்மா மாதிரி நடக்கும்படி மாற்றியமைத்தார்கள். எனிக்மாவை அன்றைக்கு எப்படி அமைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிட்டால் அதன்படி வைத்து, குழம்பிய ஐந்தைந்து எழுத்துகளை ஒரு பெண் தட்டிக்கொண்டே போவாள். மெல்லிய நாடாவில் ஜெர்மன் வெளியே வரும். அதைக் கிழித்துத் தாளில் பசை தடவி ஒட்டுவாள். ஜெர்மன் தெரியாதவர்கள் பலர். ஒரு ராணுவத்தின் ரகசியம் விரல் வழியாகவே ஓடியிருக்கிறது, ஒரு வரி புரியவில்லை. இதில் நாடகம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பாப்பாவுக்கு ஹட் 8இல் டூரிங் அறைதான் பிடித்தது. தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துவிடாதபடி ரேடியேட்டரோடு சங்கிலியில் பூட்டி வைப்பாராம். அதை அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள்.

மதியம் கஃபேயில் சுட்ட உருளைக்கிழங்கும் சீஸும், ஒன்பதரை பவுண்டு. இடம் இல்லாமல் ஒரு வயதான தம்பதியின் மேசையில் ஒட்டிக்கொண்டோம். எங்கள் ஈரக் கோட்டைக் கண்டதும் அந்தப் பெரியவர் எழுந்து கணப்புப் பக்கத்து நாற்காலியைப் பாப்பாவுக்கு விட்டுக் கொடுத்தார். அங்கேதான் அவளுக்கு 'க்ரிப்' விஷயத்தை விளக்கினேன். செய்தியில் இருக்கும் என்று ஊகிக்கும் சொல்லுக்குத்தான் அந்தப் பெயர்.

எனிக்மாவில் அமைக்கக்கூடிய வழிகள் ஏறத்தாழ 159க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண். எல்லாவற்றையும் முயன்று பார்க்க ஆயுள் போதாது, நள்ளிரவானால் அமைப்பும் மாறிவிடும். ஆனால் ஒரு பலவீனம் உண்டு: ஓர் எழுத்தை அழுத்தினால் வேறு ஏதோ ஓர் எழுத்து வருமே தவிர, அதே எழுத்து ஒருபோதும் வராது. காலையில் வரும் செய்தியில் வானிலை என்ற சொல் நிச்சயம் இருக்கும் என்று ஊகித்தால், அந்தச் சொல்லைக் குழம்பிய எழுத்துகளுக்குக் கீழே எழுதி ஓரிடம் ஓரிடமாக நகர்த்த வேண்டும். மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் இல்லை. இப்படிக் கழித்து மிஞ்சும் இடங்களை வைத்துத்தான் பாம்ப் இயந்திரத்துக்கான வரைபடம் போடுவார்கள்.

பில்லின் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்தேன், அவள் நாப்கினைக் கீற்றாகக் கிழித்து நகர்த்தினாள். நான்காவது இடத்தில் மோதல், அடித்தாள். ஏழாவது, அடித்தாள். பெரியவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். கடைசியில் இரண்டு இடம்தான் மிச்சம். உருளைக்கிழங்கு ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. "இதை நாவல்ல அப்படியே போடுங்க அத்தை" என்றாள். போடுவேன். ஆனால் இதைச் செய்வது என் சிறுமி இல்லை. கதவருகே காகிதத்துக்காகக் காத்து நிற்கும்போது அவள் பார்ப்பாள், யாரோ ஒருவர் கீற்றை நகர்த்தி நகர்த்தி அடிப்பதை.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்: மாளிகை, காட்டேஜ், பிறகு பிளாட்பாரம்

காலையில் வெயில். ஏரிக்கரையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணி புளியை அள்ளிப் போட்டுக் கிளறிய புளிசாதத்தின் மிச்சத்தைச் சாப்பிட்டோம். மூன்று நாளானாலும் நன்றாகவே இருந்தது.

மாளிகையைச் சீக்கிரம் பார்த்து முடித்தோம். அழகான மர வேலைப்பாடுகள், பெரிய கூடம். மனசு நின்றது பின்னாலிருந்த குதிரை லாயத்துப் பக்கம்தான். குறியீடு உடைப்பதில் கைதேர்ந்த டில்லி நாக்ஸ் தலைமையில் பெண்கள் வேலை செய்த காட்டேஜ் அங்கே இருக்கிறது. மேவிஸ் லீவர் அங்கே வந்தபோது 19 வயது. ஒரு நாள் நீண்ட செய்தி ஒன்றைப் பார்க்கிறார், அதில் 'எல்' என்ற எழுத்தே இல்லை. எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாகத் தராது. அப்படியென்றால் அந்தப் பக்கம் யாரோ சோதனைச் செய்தி அனுப்பச் சோம்பேறித்தனமாக 'எல்' விசையையே மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறான்! அந்த ஒன்றை வைத்தே இயந்திரத்துக்குள் வழி கண்டார்கள். 1941 மார்ச்சில் இத்தாலியக் கடற்படைச் செய்திகளை இதே குழு உடைத்ததுதான் மாட்டபான் முனைப் போரில் பிரிட்டனின் வெற்றிக்கு உதவியது.

"பாருங்க, நிஜமாவே ஒரு பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்று பாப்பா என்னை மடக்கினாள். நியாயம்தான். ஆனால் மேவிஸ் லீவர் ஜெர்மன் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர், மாதக்கணக்கில் அதிலேயே ஊறியவர். அந்த உழைப்பைக் காட்டாமல் ஒரு சிறுமிக்கு ஒரே ராத்திரியில் மின்னல் வெட்டியதாக எழுதினால், அது அவருக்கே இழைக்கும் அநீதி. இளையோர் வாசிப்பதுதானே என்று சலுகை எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. 15 வயதில் படித்த பொய் வரலாறு ஐம்பது வயதிலும் போகாது. 1940 நவம்பரில் கவன்ட்ரி நகரம் எரியப்போவது தெரிந்தும் ரகசியத்தைக் காக்கச் சர்ச்சில் விட்டுவிட்டார் என்ற கதை அப்படித்தான் இன்னும் சுற்றுகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ மறுத்துவிட்டார்கள்.

அங்கேயே போலந்துக் கணிதவியலாளர்கள் மூவருக்கான நினைவுச் சின்னம். மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்சி ருசிட்ஸ்கி, ஹென்ரிக் ஜிகால்ஸ்கி. 1932 இறுதியிலேயே எனிக்மாவுக்குள் புகுந்தது போலந்துதான். போர் வெடிக்கச் சில வாரம் முன்பு, 1939 ஜூலையில், வார்சாவுக்கு அருகே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் தாங்கள் கண்டதையெல்லாம் கொடுத்தார்கள். என் நாவலில் இவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

திரும்பும்போதுதான் பாடு. சாயங்கால ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்ததும் இல்லை. பிளாட்பாரத்தில் ஒன்றரை மணி நேரம், பிறகு மாற்றுப் பேருந்து, அதற்கும் வரிசை. இந்த ஊர் வரிசையில் யாரும் முண்டவில்லை, யாரும் கத்தவும் இல்லை. குழந்தையோடு இருந்த பெண்ணைத் தாங்களாகவே முன்னே அனுப்பினார்கள். ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வரிசை முழுக்க நீட்டிக்கொண்டே போனார். அண்ணன் வீடு சேரும்போது மணி பதினொன்று. அண்ணி சூடாக ரசம் வைத்திருந்தார்.

அக்டோபர் 28, செவ்வாய்: ஈஸ்ட்கோட்

உடம்பு கெஞ்சியது. ஆனாலும் போனேன், பாப்பாவும் வந்தாள். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஈஸ்ட்கோட், மெட்ரோபாலிட்டன் லைனில் போகலாம். எல்லா இயந்திரமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு குண்டு போதும் என்று பாம்ப்களைப் பிரித்து வெளியூர்களில் வைத்தார்கள். அதில் பெரியவை ஸ்டான்மோரும் ஈஸ்ட்கோட்டும். ஈஸ்ட்கோட்டில் மட்டும் நூறு இயந்திரம் அளவுக்கு ஓடியது. கூடத்தின் பகுதிகளுக்கு நாடுகளின் பெயரையும் இயந்திரங்களுக்கு ஊர்களின் பெயரையும் வைத்திருந்தார்கள். பாரிஸ் என்ற இயந்திரத்தை இரவு முழுக்க ஓட்டிய பெண், பாரிஸைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள்.

இப்போது அங்கே பெம்ப்ரோக் பார்க் என்ற குடியிருப்பு. செங்கல் வீடுகள், கார்கள், ஹாலோவீனுக்கு வாசலில் பூசணிக்காய். ரென் பெண்கள் வேலை செய்வதாகப் பதிவேட்டில் காட்டிய கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். பெம்ப்ரோக் 5. கப்பல் என்று காகிதத்தில்தான், கடல் பக்கமே அவர்கள் போகவில்லை. வீட்டுக்குக் கடிதத்தில் எழுத்தர் வேலை என்று எழுதினார்கள்.

நாயோடு வந்த ஒருவர் எதையாவது தேடுகிறீர்களா என்று நின்று கேட்டார். சொன்னோம். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, எந்தப் பக்கம் கட்டிடங்கள் இருந்தன என்று கையை நீட்டிக் காட்டினார். போருக்குப் பிறகு அரசின் உளவுத் தொடர்பு நிறுவனமே சில வருடம் இங்கே இருந்துவிட்டுச் செல்டன்ஹாமுக்குப் போனதையும் அவரே சொன்னார்.

ஸ்டேஷன் பக்கத்துக் கஃபேயில் இரண்டு டீ, ஒரு பேக்கன் ரோல், பத்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பாப்பா ரொட்டியைக் கடித்தபடி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அவங்களுக்கு எப்பதான் தெரிஞ்சது?"

1974இல்தான் இந்த ரகசியம் புத்தகமாக வெளியே வந்தது. அதுவரை கணவனிடமும் சொல்லாதவர்கள் இருந்தார்கள். பல பேருடைய அப்பா அம்மா, மகள் என்ன செய்தாள் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"உங்க பொண்ணுக்கு அப்ப என்ன வயசு?"

1943இல் 14 என்றால் 1974இல் 45.

"அப்ப அதுதான் கடைசி அத்தியாயம். நடுவுல அவளுக்கு ஒண்ணுமே தெரிய வேண்டாம். படிக்கிறவங்களுக்கு மட்டும் தெரியட்டும். அவ காகிதத்தை எடுத்துட்டுப் போறா, அது என்னன்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எனக்கு பயமா இருக்கும், போர் அடிக்காது."

நான்கு வருடமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததற்கு வழி சொல்லிவிட்டாள். அங்கேயே நோட்டைத் திறந்து அத்தியாய வரிசையை மாற்றி எழுத ஆரம்பித்தோம். போலந்துக்காரர்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. சிறுமி தூக்கிப் போகும் முதல் கட்டுக்கு முன்பு, 1939 ஜூலையில், அவளுக்குத் தெரியாத ஒரு நாட்டில் கதை தொடங்கும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் தனக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பாப்பா சத்தியம் வாங்கியிருக்கிறாள். தமிழ் படிக்க நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்பது அவள் போட்ட இன்னொரு நிபந்தனை.